பயணப்படி, மூன்று நகல்கள்

அனுப்புநர்: பா. செண்பகராஜ், பயிற்சி மருத்துவர்.
ஊர் கோவில்பட்டி, இப்போதைக்கு மஞ்சூர்.
பெறுநர்: பயணப்படிப் பிரிவு, இரண்டாம் மாடி,
டியூப்லைட் எரியாத வராந்தாவின் கடைசி மேசை.

ஐயா,
என் விண்ணப்பம் திரும்பி வந்தது.
‘சீட்டுகளில் எழுத்து இல்லை’ என்று
சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள்.
உண்மைதான்.
நடத்துநரின் கருவி துப்புகிற தாளில்
சமவெளியில் என்றால் தொகை ஒரு மாதம் தங்கும்.
இந்த ஊர்ப் பெயரிலேயே மஞ்சு இருக்கிறது.
கோட்டுப் பையில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
கோட்டே காயவில்லை,
சீட்டு என்ன செய்யும்?

‘தங்குமிடத்தைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்’
என்றது பணியாணையின் ஆறாவது வரி.
செய்துகொண்டோம், நானும் ரிஸ்வானும்.
போஜன் வீட்டுக்குப் பின்னால்
போன வருஷம் வரை உருளைக்கிழங்கு இருந்த அறை.
வாடகை நாலாயிரம், முன்பணம் எட்டு.
ரசீது கேட்டதற்கு அவர் சிரித்தார்:
‘மூட்டைங்க யாரும் கேட்டதில்லையே தம்பி.’
சுவரில் இன்னும் மண் வாசனை.
ராத்திரி ரிஸ்வான் புரண்டு படுக்கும்போது
தானும் முளைவிடப் போவதாகச் சொல்கிறான்.

விடுதியில் என் கட்டில் காலியாகக் கிடக்கிறது.
அதற்கும் இந்த மாதம் பிடித்திருக்கிறீர்கள்,
நான் சாப்பிடாத சாம்பாருக்கும்.
ஓர் உடம்பு இரண்டு ஊரில் தூங்குவது
எந்தத் துறையின் கீழ் வரும் என்று
பாடத்தில் தேடிப் பார்த்தேன்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை.
குளிர் ஊராமே என்று ஒரு பண்டல் கட்டிக் கொடுத்தார்.
எல்லாம் நமத்துவிட்டது.
பத்துக் குச்சி கிழித்தால் ஒன்று சீறி அணைகிறது.
அவரிடம் சொல்லவில்லை.
உதவித்தொகை மூன்று மாதமாக வராததையும்.

சனிக்கிழமைதோறும் கல்லூரிக்கு வந்து
பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும் என்கிறீர்கள்.
விடியற்காலைப் பேருந்தை விட்டால் ஜீப்தான்,
ஜீப்புக்கு மங்குவதற்குக்கூடச் சீட்டு கிடையாது.
எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எண்ணுவேன்,
பாதியில் வாந்தி வந்து எண்ணிக்கை தப்பும்.
இறங்கி, என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்து,
அடுத்த வண்டியில் திரும்பி ஏறுவேன்.

இணைப்பு ஒன்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள்:
மஞ்சூர் – கிண்ணக்கொரை, வியாழன், மாலை வண்டி.
‘பணி நிமித்தமா?’

லிங்கம்மாளுக்கு ரத்த அழுத்தம்.
பதினைந்து நாள் கழித்து வாங்க என்றேன்.
கணக்குப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தார்.
‘பொம்பளைங்களுக்கு பஸ் இலவசம் டாக்டர்,
நாள்தான் இலவசம் இல்ல.
இங்க வந்தா அன்னிக்கு இலை போச்சு.’
முப்பது மாத்திரை எழுதினேன்.
பதினைந்துக்கு மேல் பதிவேடு ஒத்துக்கொள்ளாது என்று
மருந்தாளுநர் பாதியை எடுத்து வைத்தார்.
அவர் மீது தப்பில்லை, அவருக்கும் ஒரு இரண்டாம் மாடி இருக்கிறது.

பதினைந்தாம் நாள் மீதியை வாங்கிக்கொண்டு நானே போனேன்.
வண்டி திரும்ப நின்ற நேரத்தில்
டீக்கடை பெஞ்சில் அவர் கையை நீட்டினார்,
விரலெல்லாம் இலைக்கறை.
நூற்று நாற்பது, தொண்ணூறு.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
அவ்வளவுதான்.

‘பயணத்தின் நோக்கம்’ என்ற கட்டம்
உங்கள் படிவத்தில் இரண்டு அங்குலம்கூட இல்லை,
அதனால் காலியாக விட்டேன்.
இந்த ஒரு சீட்டில் எழுத்து இன்னும் இருக்கிறது.
சீக்கிரம் பாருங்கள்.

பி.கு.: மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார் கடைக்காரர்.
பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
அதற்கும் ரசீது தரவில்லை.