நான்கு பென்ஸ்

விச்சம்லீயில் நூற்றுப்பதினொரு வீடு.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பேருந்து வரும்,
ஆறு பொங்கினால் பாலத்தோடு திரும்பிப் போய்விடும்.
நான் இங்கே ஊர்மன்ற எழுத்தர்.
வாரம் பன்னிரண்டு மணி நேரம்;
வேலை அதைவிடக் கூட, சம்பளம் அவ்வளவுதான்.

நேற்று இரவு மன்றக் கூடத்தில்
பூப்பந்துக்காரர்கள் விட்டுப்போன வியர்வை வாடைக்கும்
கொதித்துக் கொதித்து அடங்காத தேநீர்க் கலத்துக்கும் நடுவில்
பொருள் நான்கு: முள்ளெலி.
ஒரு சாண்கூட வேண்டாம்,
வேலிக்கு அடியில் பதின்மூன்று சென்டிமீட்டர் ஓட்டை போதும்,
தோட்டம் தோட்டமாய் அது நடந்து போகும்
என்றார் ஜாஸெலின் லவிபாண்ட்.
மூவாயிரம் பவுண்டு கொடுத்துப் போட்ட வேலி
என்றார் கிளைவ் ஹார்ப்பம்.
இரண்டு முறை சொன்னார்.
நான் ஒரு முறை எழுதிக்கொண்டேன்.

அவர்கள் பேசட்டும்.
என் நினைவு தேவாலயத்துப் பெட்டியில் கிடக்கும்
பழைய கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது.
கன்றுத்தோல் அட்டை, எலி தின்ற மூலை.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது;
திருச்சபைக் காப்பாளர் ஒபதையா டிம்ஸின்
கொக்கி கொக்கியான கையெழுத்து.

மணிக்குப் புதுக் கயிறு, இரண்டு ஷில்லிங்.
திருவிருந்துக்குத் திராட்சரசம், ஐந்து.
சிட்டுக்குருவித் தலை ஒரு டஜன், இரண்டு பென்ஸ்.
முள்ளெலி ஒன்று, நான்கு பென்ஸ்.

படுத்திருக்கும் பசுவின் மடியில்
இரவில் வந்து வாய் வைத்துவிடுமாம்,
அந்தச் சின்ன வாயை.
யாரும் பார்த்ததில்லை.
ஆனால் பால் குறைந்திருந்தது;
யாராவது குடித்திருக்க வேண்டுமே.

அந்த ஜனவரியில் ஆறு உறைந்தது,
ரொட்டியைக் கோடாரியால் பிளந்தோம் என்று
ஓரத்தில் ஒரு குறிப்பு.
அதன் கீழே:
‘விதவை தாமசின் பக் விறகு கேட்டாள். மறுத்தேன்.
அவள் புகைபோக்கியில் நேற்றுப் புகை கண்டேன்.’

அடுத்த பக்கத்திலிருந்து அவள் பெயர்
உதவி பெறுவோர் வரிசையில் இல்லை.
முள்ளெலி வரிசையில் இருக்கிறது.
தாமசின் பக், ஒன்று, நான்கு பென்ஸ்.
தாமசின் பக், இரண்டு, எட்டு பென்ஸ்.
குளிர்காலம் முழுக்க முட்புதரின் காலடியில்
சருகு போர்த்தித் தூங்குகிற பிராணி.
எந்தப் புதர் என்று தெரிந்தவளுக்கு
அது வேட்டைகூட இல்லை,
கிழங்கு தோண்டுவது போல.

பிப்ரவரிக் கடைசியில் டிம்ஸ் எழுதுகிறார்:
‘பக் இன்று கொண்டுவந்த முள்ளெலி
போன வாரம் கொண்டுவந்ததேதான் என்று நினைக்கிறேன்.
நான்கு பென்ஸ் கொடுத்தாயிற்று.’

அவ்வளவுதான்.
புகையை எண்ணிய அதே ஆள்.
மனம் இளகினாரா, சலித்துப்போனாரா,
விறைத்த அந்த உருண்டையைக் கைமாற்றும்போது
அவள் விரல்கள் கண்ணில் பட்டனவா,
கணக்குப் புத்தகம் அதெல்லாம் சொல்லாது.
அவள் குடிசை எங்கிருந்தது என்றும் தெரியவில்லை.
எந்த வரைபடத்திலும் பக் என்று ஓர் இடமில்லை.
தேடிப் பார்த்திருக்கிறேன்,
சம்பளமில்லாத நேரத்தில்.

‘எண்ணிக்கை?’ என்றார் தலைவர்.
ஆறுக்குக் குறைந்தால் மாவட்டத்திலிருந்து பணம் வராது.
ஏழு, என்றார் ஜாஸெலின், பட்டென்று.
ஏழு இரவு, ஏழு படம்,
அவர் வீட்டுப் பூனையின் கிண்ணத்தருகே.
மேசையைச் சுற்றிப் படங்கள் வந்தன.
ஏழிலும் ஒரே முதுகு,
முதுகில் ஒரே பெயின்ட் தீற்றல்,
வேலிக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி இருந்தது.
கிளைவ் நெடுநேரம் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

எழுதினேன்: முள்ளெலி, ஏழு. ஏற்கப்பட்டது.

பொருள் ஐந்து: பாலத்தருகே நாய்க்கழிவுத் தொட்டி,
யார் காலி செய்வது என்று.
அதில் முக்கால் மணி நேரம் போயிற்று.