வரிக்கு நாலு நூல்

தூக்குக்குண்டைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
முதல் கல்லை வைத்தேன்.
முப்பத்திரண்டு வருஷத்தில் முதன்முறை.

மணவாளக்குறிச்சி தாண்டி, கடலைப் பார்த்து,
மகாராசா காலத்துக் கள்ளுக்கடை.
கள்ளு போய் சாயா வந்து எத்தனையோ வருஷம்,
பெயர் மட்டும் இன்னும் தெளியவில்லை.
கருமணல் அள்ள அள்ள
அடிமண் இடம் மாறிப் படுத்தது,
கடை மேற்கே தோள் சாய்த்தது.
குடிக்காமலே ஆடுகிற கட்டிடம் என்று
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

கல்லாப்பெட்டிப் பக்கம் வைத்த எலுமிச்சை
தானே உருண்டு வாசலுக்குப் போகும்.
கிழக்குச் சுவர்க் காலண்டர்
சுவரைத் தொடாமல் தொங்கும்.
புதிதாய் வருகிறவனுக்கு முதல் கிளாஸ் மடியில்.
பெல்லார்மினுக்கு மட்டும் ஒரு துளி சிந்தாது.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
ஆளில்லாத நேரம் பார்த்து
உட்கார்ந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்தவர் நல்ல மனுஷன்.
தாளில் விரல் வைத்துக் காட்டினார்:
நேரான சுவருக்கு நஷ்டஈடு உண்டு,
சரிவுக்குப் பத்தி இல்லை.
செறுபுஷ்பம் கையெழுத்துப் போட்டுவிட்டு
என்னிடம் திரும்பினாள்.
"நேராக் கெட்டினா அது வேற ஆளுக்க கடை."

எவ்வளவு சரிவு? யாரும் அளந்து வைத்ததில்லை.
பெல்லார்மின் வெறும் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தான்,
கை நடுங்கியது.
மூன்று பேர் மூன்று சரிவு சொன்னார்கள், சண்டை வந்தது.
அவள் வீட்டுக்குப் போய்
அடுப்படியில் நின்று நின்று தேய்ந்த ரப்பர் செருப்பை
என் முன்னால் கொண்டுவந்து போட்டாள்.
இடதுகால். வெளிவிளிம்பு.
மூணங்குல அகலத்தில் ஒன்றரை நூல் தேய்வு.
கணக்கு வந்தது:
கல் வரிக்கு நாலு நூல்.

அஸ்திவாரம் மட்டும் நேர்,
ஊற்று கண்டு அதற்குக் கீழும் தோண்டி.
மேலே வந்ததும் என் கையோடுதான் மல்லுக்கட்டு.
நாலு நூல் தள்ளி வைப்பேன்,
சாந்து அள்ளித் திரும்பினால் கல் நேராய் நிற்கும்.
நான்தான் தட்டியிருப்பேன்.
கையாள் ஜெறின் சிரிப்பான்:
"கொத்தனாரே, ஒரு கட்டன் அடிச்சிட்டு வையும்."
வழியில் போன மேஸ்திரிமார் சைக்கிளை நிறுத்தினார்கள்:
என்ன ஓய், கண்ணு மங்கிப்போச்சா?
பதினைந்து வரி. அறுபது நூல்.

மாசியில் ஓடு போட்டு அடுப்பு மூட்டினாள்.
எலுமிச்சையை வைத்தாள்.
கொஞ்சம் யோசித்தது,
பிறகு உருண்டது.
பெல்லார்மின் ஒன்றும் சொல்லவில்லை,
இன்னொரு சாயா கேட்டான்.

நேற்று ஆனிச் சாரலுக்கு ஒதுங்கினேன்.
சும்மா இருக்காத கை
குண்டை இறக்கிப் பார்த்தது.
அறுபத்தொன்று.

கயிற்றை நீவி, ஆட்டம் அடங்கவிட்டு
மறுபடி பார்த்தேன்.
வெளியே லாரி போனது,
அலமாரியில் கிளாஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

அறுபது நான் வைத்தது.

செறுபுஷ்பம் மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்தாள்.
காலில் புதுச் செருப்பு.