ஒரு வரி குறைகிறது

நூறு வார்டு, நூறு கோப்பு.
எல்லாம் குடிநீர்ப் புகார்.
காலை பத்து மணிக்குள் ஒரே கோப்பாக வேண்டும் என்று
வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார் உதவிப் பொறியாளர்.
தல்லாகுளத்து அலுவலகத்தில்
அப்புறம் நானும் ஒரு மின்விசிறியும்.

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்.
அந்தக் கட்டளையை எழுத்துக்கூட்டினால்
இங்கிலீஷில் பூனை.
நூறு சட்டியிலும் வாய் வைத்தது,
எந்தச் சட்டியிலும் பால் குறையவில்லை.
சத்தமும் இல்லை.
தப்பு நடந்தால்தான் அது கத்தும் என்பதால்
நம்பினேன்.

திறந்தால்
ஒன்றாம் வார்டை அடுத்து பத்து,
பத்தை அடுத்து நூறு, பிறகு பதினொன்று.
இரண்டாம் வார்டு
பத்தொன்பதுக்குப் பின்னால் குடத்தோடு நிற்கிறது.
வைகைக்கு அக்கரை இக்கரை எல்லாம் ஒரே குழாயடியில்.
போகட்டும்,
அதற்கு எழுத்து தெரியும், எண் தெரியாது.

கணக்குதான் இடித்தது.
வார்டு எழுத்தர்கள் தாளில் குறித்துக் கொடுத்தது
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
திரையில் நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று.

"ஒண்ணுதான மேடம், விடுங்க"
என்றார் டீ கொண்டுவந்த காவலர் இருளப்பன்.
விட்டிருப்பேன்.
டீ சூடாக இருந்தது. ஆறும்வரை தேடலாம் என்று
இருப்பதிலேயே நீளமான வரியைக் கேட்டேன்.

சூசையம்மாள், ஐந்தாவது குறுக்குத் தெரு,
குடிநீரில் சாக்கடை கலக்கிறதுநூருல் அமீன்,
வாய்க்கால் சந்து, நாலு நாளாகத் தண்ணீர் இல்லை.

முப்பத்தேழின் கடைசி ஆளும்
முப்பத்தெட்டின் முதல் ஆளும்
மூச்சுவிட இடமில்லாமல் ஒரே வரியில்.
முப்பத்தேழாம் வார்டில் யாரோ
கடைசியில் ஒரு என்டர் தட்டாமல் எழுந்து போயிருக்கிறார்கள்.
பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.
பூனை என்ன செய்யும்?
இருப்பதை இருந்தபடி ஒட்டிவிட்டது.

'து'வுக்கும் 'நூ'வுக்கும் நடுவே
கர்சரை வைத்துத் தட்டினேன்.
அமீன் ஒரு படி இறங்கித் தனியாக நின்றார்.
அவருக்குக் கீழே இருந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரும்
ஆளுக்கு ஒரு படி இறங்கினார்கள்.
டீயில் ஆடை படிந்திருந்தது.

கோப்புக்கு 'எல்லாம்' என்று பெயர் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன்.
முதல் சொம்பு, எப்போதும்போல, சாக்கடையில்.
இரண்டாவதை முகர்ந்து பார்த்தேன்.
அதையும் ஊற்றினேன்.
எங்களுக்கு அறுபத்திரண்டாம் வார்டு.
அதில் முப்பத்தொரு வரி, எல்லாம் படித்தவள்தான்,
என் தெருப் பெயர் ஒன்றிலும் இல்லை.
நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.