இடது

கோட்டையூரில் வாடகைக்கு எடுத்த பழைய அரிசி மண்டி.
மூட்டை அடுக்கிய இடத்தில் ஸ்கேனர், அதனடியில் சுழல்மேசை,
அதன்மேல் எலுமிச்சையைவிடச் சற்றே பெரிதாக
ஒரு கணுவெலும்பு.

வெட்டுவான் கண்மாயைத் தூர்வாரியபோது
உடைந்த தாழிகளோடு வந்தவை இருபத்து மூன்று.
செம்புறை நிலம் எலும்பைத் தின்றுவிடும்;
வண்டலில் கிடந்ததால் இவை மிஞ்சின.
எது எந்தத் தாழியில் இருந்தது என்று
மழையில் மெய்யம்மை எழுதிய சீட்டுகளை
நான் நம்பியாக வேண்டும்.

ஓர் எலும்புக்கு நாற்பத்தொரு புள்ளி.
மேட்டின் உச்சியில் ஒன்று,
பள்ளம் திரும்பும் முனையில் ஒன்று,
கை நடுங்கினால் அழித்துவிட்டு இன்னொன்று.
செவ்வாய்க்கிழமை வைத்ததையே வெள்ளிக்கிழமை மறுபடி வைப்பேன்,
என் கைப்பிழை எவ்வளவு என்று பார்க்க.

பிறகு கணினி.
எங்கே கிடந்தது என்பதை நீக்கும்.
எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்பதை நீக்கும்.
பெரியதா சிறியதா, அதையும் நீக்கும்.
மிச்சத்துக்குத்தான் வடிவம் என்று பெயர்.
முதன்முதலில் இதைப் பாடமாகக் கேட்டபோது
துக்க வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருந்தது எனக்கு.

திரையில் இருபத்திரண்டும்
ஒரே இடத்தில் சிந்திய கடுகு.
பதினான்கு மட்டும் மூலையில்,
யாரோடும் ஒட்டாமல்.

நான்கு நாள் அதற்குக் கதை கட்டினேன்.
கடல் தாண்டி வந்தவர் என்றேன்.
கால் வளைந்து பிறந்த பிள்ளை என்றேன்.
வாடகை வாங்க வந்த மண்டிக்காரர் எட்டிப் பார்த்து
“வேற சாதியா இருக்கும்” என்றார், யாரும் கேட்காமலே.
நான் பதில் சொல்லவில்லை.
என் கதைகளும் அந்த ரகம்தான் என்று
மாலையில்தான் உறைத்தது.

அன்று இரவு கரண்ட் போனது.
இருட்டில் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு
பத்தடி நடந்திருப்பேன். சுண்டுவிரல் பிதுங்கியது.
வலது காலில் இடது.

அப்படியே நின்றேன்.

பதினான்கு, இடது கால்.
மற்ற இடதுகளையெல்லாம் வலதாக்கி வைத்தவள்
இதை மட்டும் கண்ணாடியில் கவிழ்க்க மறந்திருக்கிறேன்.

கரண்ட் வந்ததும் கவிழ்த்தேன்.
மூலையிலிருந்து கிளம்பி நேரே போய்
ஒன்பதின்மேல் உட்கார்ந்தது.
இடைவெளி, என் கைப்பிழையைவிடக் குறைவு.

ஒன்பது கிழக்குத் தாழி. பதினான்கு மேற்குத் தாழி.
நடுவே நூற்றிருபது அடி.
ஓர் ஆளை ஏன் இரண்டாகப் பிரித்து வைத்தார்கள்?
அடுத்த கதைக்கு வாய் திறக்கும் முன்
ஜேசிபி ஓட்டிய சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன்.

“மழ வந்துருச்சு மேடம்.
ஒரு பக்கெட்டு அங்கிட்டு, ஒரு பக்கெட்டு இங்கிட்டு.
உள்ள ஆளு இருக்குன்னு அப்பத் தெரியலயே.”
கொஞ்சம் பொறுத்து, “ஆம்பளையா, பொம்பளையா?”
கணுவெலும்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றேன்.
“வேற என்னதான் தெரியும்?”
முன்விளிம்பில் வழவழப்பாக ஒரு சிறு முகப்பு இருக்கிறது,
குத்துக்காலிட்டு நெடுநேரம் உட்காருகிறவர்களுக்கு வருவது.
“நான் இப்ப அப்படித்தான் உக்காந்திருக்கேன்” என்றார்.
பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே ஆள் என்று அறிக்கையில் எழுத முடியாது.
‘ஒரே ஆளாக இருக்கக்கூடும்’ என்று எழுதினேன்.
நீக்கிய அளவைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன்:
ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர், இரண்டுமே.

திரையில்தான் அது வலது.
பஞ்சுக்குள் இன்னும் இடதாகவே கிடக்கிறது,
ஒன்பதின் பெட்டியில், ஒன்பதின் பக்கத்தில்.

காலியான பெட்டியில்
மெய்யம்மை சார்ஜர் வயர்களைச் சுருட்டிப் போட்டாள்.
மூடியில் பதினான்கு என்று எழுதியிருந்ததை அழிக்கவில்லை.