அரை கிளட்ச்

காரமடையில் அவருக்குச் சொட்டுமருந்து வாங்கிக்கொண்டு
வீடு திரும்பியிருக்க வேண்டும்.
கல்லாறு செக்போஸ்ட்டில் நிற்கிறேன்,
வீட்டுச் செருப்போடு.
இ-பாஸ் கேட்கிறது: வருகையின் நோக்கம்?
சுற்றுலா என்று தட்டினேன்.
பட்டியலில் வேறெதுவும் பொருந்தவில்லை.

பர்லியாறில் மங்குஸ்தான் மூன்று கிலோ.
ஒருத்திக்கு எதற்கு மூன்று கிலோ?
பக்கத்து இருக்கையில் வைத்ததும் வண்டி கத்தியது,
பழத்துக்கும் பெல்ட் போட்டுவிட்டேன்.

குன்னூரில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு
இப்போது பச்சைப் பெயின்ட்.
கொடியில் யாருடைய யூனிஃபார்மோ.
இந்த மூட்டத்தில் காய மூன்று நாளாகும்.
ஒரு பையன் எட்டிப் பார்த்து
"இங்க பார்க்கிங் இல்லைக்கா" என்றான்.

ஆஸ்பத்திரி வளைவில் மட்டும்
வேகத்தைக் குறைக்கவில்லை.

கட்டபெட்டு ஏற்றம்.
தொண்ணூற்றெட்டில் இங்கேதான்
மூன்று முறை எஞ்சின் அணைந்து
பின்னால் வந்த இலை லாரியை அலற வைத்தேன்.
"உனக்கு மேடு வராது அல்போன்சா, விட்டுடு."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார் இருதயம்,
சாவிக்குக் கை நீட்டியபடி.
அப்புறம் இருபது வருடம் இடப்பக்கம்.

இன்று மேட்டின் நடுவில் காட்டெருமை.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.
ஹேண்ட்பிரேக்கைத் தொடவில்லை நான்.
இடது பாதம் பாதி, வலது பாதம் பாதி,
ரப்பர் செருப்புக்கடியில் வண்டி நடுங்குகிறது
பின்னாலும் போகாமல்
முன்னாலும் போகாமல்.
நான்கு நிமிடம்.
கிளட்ச் தீய்கிற வாடை.

அது தேயிலைக்குள் இறங்கிப் போன பிறகு
ஓரங்கட்டி போனை எடுத்தேன்.
"மருந்து கிடைச்சுதா? எங்கே இருக்கே?"

மேட்டில், என்றேன்.