ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம்

முதலில் ஒன்றுதான் வந்தது.
இடது விலாவில், பிளவுஸ் விளிம்புக்குச் சற்று மேலே,
ஐந்து ரூபாய்க் குத்தியளவு நீள்வட்டம்.
ஓரத்தில் தோல் உரிந்து
பழைய கடதாசி மாதிரிச் சுருண்டிருந்தது.

கஸ்தூரியார் வீதி மருந்துக்கடைப் பெடியனுக்கு
கண்ணாடி மேசையில் விரலால் கீறிக் காட்டினேன்.
படர்தாமரை, என்றான். காசையும் எடுத்தான்.
பத்து நாள் பூசினேன்.
குழாய் தீர்ந்தது. வட்டம் தீரவில்லை.

பதினோராம் நாள் அது குஞ்சு பொரித்தது.

பெரியகடையில் நான் சேலை விரிக்கிறவள்.
ஒரு நாளைக்கு நூற்றிருபது விரித்து
நூற்றுப்பத்து மடிப்பேன்.
எத்தனையோ முதுகுகளைப் பார்த்து
இந்த இறக்கம் உங்களுக்கு வடிவு என்று
பொய் சொல்லியிருக்கிறேன்.
என் முதுகை நான் கண்டதில்லை.

கடை பூட்டுகிற நேரம்
போட்டுப் பார்க்கும் அறைக்குள் மெற்றில்டா
என் முதுகுக் கொக்கிகளைக் கழற்றினாள்.
மூன்று கண்ணாடி. அவளின் போன் வெளிச்சம்.
கொஞ்ச நேரம் கதையே இல்லை.
பிறகு,
"அடியே, ஆரோ உனக்கு
முதுகில நத்தார் மரம் கீறியிருக்கினம்."

முள்ளந்தண்டு அடிமரம்.
விலா எலும்புகளின் சாய்விலேயே
இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கொப்புகள்.
கொப்புக்குக் கொப்பு
மங்கல் ஊதாவில் சின்னச் சின்ன நீள்வட்டங்கள்.
நான் நல்லூருக்குப் போகிறவள்;
எனக்கது காரைநகர்க் கடற்கரைச் சவுக்கு.
காற்றுத்தான் இல்லை.

காலையில் நான் வரமுன்னமே
செய்தி மாடிக்கு ஏறியிருந்தது.
முதலாளி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு,
"குறை நினைக்காதை பிள்ளை,
கலியாணச் சேலையளில கை படுது" என்றார்.
பெரியாஸ்பத்திரிக் கடிதம் வரும்வரை
கோடவுணில் விலைச்சீட்டு ஒட்டு.
அங்கே விசிறி இல்லை.
வேர்க்க வேர்க்க மரம் கடித்தது.

தோல் கிளினிக். இலக்கம் எழுபத்துநாலு.
வாங்கில் முழுக்க எல்லாரும்
எதையோ மூடிக்கொண்டு இருந்தோம்.
டொக்டர் குருநாகல் பக்கத்துப் பெண்.
அவவின் தமிழில் இறந்தகாலம் இல்லை.
கையுறை போடாமல்
முதல் வட்டத்தைத் தொட்டு, "இது அம்மா" என்றா.
முதுகு நீள விரலை இறக்கி, "இது பிள்ளைகள்."

ஏன் வந்தது?
"சரியாகத் தெரியாது."
படித்த ஒருவர் தெரியாது என்று சொல்ல
பயம் குறைந்தது எனக்கு அன்றைக்குத்தான்.
வேறொன்றாய் இருக்கக்கூடாதென்று
ஒரு குழாய் இரத்தம் எடுத்தார்கள்.
வேறொன்றாய் இருக்கவில்லை.

மருந்து?
"வேண்டாம். சுடுதண்ணி வேண்டாம்.
ஆறு கிழமை, எட்டுக் கிழமை. போகும்."
மற்றவைக்குத் தொற்றாதோ?
"பயம் வேண்டாம். போகும்."

மருந்துப் பை இல்லாமல்
அந்த வாசலால் வெளியே வர வெட்கமாய் இருந்தது,
ஏதோ பரீட்சையில் தோற்றவள் மாதிரி.
வெறுங்கை. அதில் ஒரு கடிதம்.

முதலாளி கடிதத்தை மறுபக்கமும் திருப்பினார்.
"மருந்தில்லாத வருத்தமோ?"
வருத்தமில்லாத வருத்தம், ஐயா.
"எதுக்கும் கண்ணால ஒருக்காப் பார்த்தால்..."
முதுகைக் காட்டவோ? என்றேன்.
அவர் கல்குலேற்றரைப் பார்த்தார்.
மத்தியானம் நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில்
மெற்றில்டா மரத்தைப் பார்த்துச் சொல்லுவாள்:
வலப்பக்கம் கீழ்க்கொப்பு உதிர்ந்திட்டுது.
நடுவில ரெண்டு கறுத்திருக்கு, காய்ஞ்ச பூ மாதிரி.
இண்டைக்கு அம்மாவைக் காணேல்லை.
அவள் சொல்லச் சொல்ல
நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டேன்.

எட்டாம் கிழமை
உள்ளங்கையால் ஒருதரம் தடவி,
"முடிஞ்சுது" என்றாள்.
சாயம் கொஞ்சம் நிற்குதாம், அதுவும் போகுமாம்.
வெளிச்சத்தை அணைத்துவிட்டு
கொக்கிகளைப் பூட்டினாள்.

பஸ்ஸில் இருக்கும்போது தெரிந்தது,
ஒரு கொக்கி மாறிக் கொழுவுப்பட்டு
முதுகில் ஒரு பக்கம் இழுத்தது.
அப்படியே வீட்டுக்குப் போனேன்.