ஏழாவது தாள்

தக்கலையில் இரண்டு நாள் பயிற்சி.
சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாவது தாளின் நகல் வந்தது.
பெயர் மறைத்த பிள்ளை, வயது எட்டு,
சனிக்கிழமை அப்பாவிடம் போக மறுக்கிறது.
சொன்ன காரணம் ஒரு வரி:
"அப்பாக்க வீட்டுல ராத்திரி சத்தம் கூடுதலு."

சொல்லிக்கொடுத்த வாக்கு, என்றார் வக்கீல் ஜெபராஜன்.
தாயின் குரல் அப்படியே கேட்கிறதாம்.
அடி விழுகிற வீடு, என்று மேசையைத் தட்டினாள் ஷெர்லின்.
மதுரையிலிருந்து வந்தவர் பலகையில் கோடு கிழித்தார்:
இந்தப் பக்கம் தூண்டுதல், அந்தப் பக்கம் பயம்,
எழுந்து போய் நில்லுங்கள்.
நான் பயத்தின் பக்கம் போனேன்.
மின்விசிறி அங்கேதான் ஓடியது.

குளச்சல் அங்கன்வாடி டெல்பின்மேரி
நாற்காலியை விட்டு எழும்பவில்லை.
"இது எந்த மாசம் எழுதினது?"
ஜூன்.
"அப்பனுக்க வீடு எங்க?"
தாளில் இல்லை.
"கடப்பொறமா இருந்தா
ஆனி ஆடியில அலை வந்து சுவரில அடிக்கும்.
எனக்கே உறக்கம் வராது."

சிலர் சிரித்தார்கள். தேநீர் வந்தது.
கோடு பலகையிலேயே கிடந்தது.

கடலாக இருக்கலாம்.
கையாகவும் இருக்கலாம்.
மறைத்த பெயருக்குக் கீழே
சாய்ந்த அந்த எழுத்து என்னுடையது.
எந்தச் சத்தம் மக்களே என்று கேட்காமல்
முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன்,
அழுத்தி.